குதிரைக் கண்ணில் புண்: சொட்டு மருந்துக்கு முன்னால் ஒரு சாயம்

காலையில் லாயத்துக்குள் நுழைகிறீர்கள். குதிரை ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கக் கன்னத்தில் கண்ணீர் வழிந்து காய்ந்த கோடு. இமையைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினால் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. கூடி நிற்பவர்களிடம் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. "தூசு விழுந்திருக்கும், தண்ணி அடிச்சுக் கழுவுங்க" என்பார் ஒருவர். "பூ விழுந்துடுச்சுண்ணே" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், போன மாதம் தன் பிள்ளைக்குக் கண் சிவந்தபோது வாங்கிய சொட்டு மருந்து வீட்டில் பாதி பாட்டில் கிடப்பது நினைவுக்கு வந்து, எடுத்துவர ஓடுவார்.

மூவரில் ஆபத்தானவர் இந்த மூன்றாமவர்தான். அவருடைய நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய கீறல் கண்ணையே கொண்டுபோய்விடலாம். கண் சிவந்து நீர் வடிந்தால் எல்லாவற்றையும் "கண்ணு நோவு" என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான வைத்தியம் கேட்கும் நோய்கள் இருக்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி

கைக்கடிகாரத்தைப் பாருங்கள். முள்ளும் எண்களும் உள்ளே இருக்கின்றன. மேலே தெளிவான கண்ணாடி மூடியிருக்கிறது. கண்ணும் அப்படித்தான். நாம் கருவிழி என்று சொல்லும் கருமை உள்ளே இருப்பது. அதன்மேல் தெளிவாக, வெளியே தெரியாமல் கவிந்திருக்கும் படலத்துக்குக் கார்னியா என்று பெயர். கண் தானம் என்கிறோமே, பெரும்பாலும் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது இந்தப் படலத்தைத்தான்.

நிலத்தில் வாழும் பாலூட்டிகளிலேயே மிகப் பெரிய கண்களைக் கொண்டவற்றில் குதிரையும் ஒன்று. அதன் கார்னியா ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலம். தடிமன் எவ்வளவு தெரியுமா? உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஏடிஎம் அட்டை அளவுதான், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நாம் பேசப்போகும் எல்லாமே, ஆறுவதும் அழுகுவதும் கண் உடைவதும், அந்த ஏடிஎம் அட்டையின் தடிமனுக்குள் நடப்பவை.

இவ்வளவு பெரிய கண் தலையின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டும் இருக்கிறது. சுற்றிலும் பார்த்து எதிரியைக் கண்டுகொள்ள வேண்டிய விலங்குக்கு அது வரம். மெரினா மணலில் ஓடும்போதும், வைக்கோல் கட்டுக்குள் மூக்கை நுழைக்கும்போதும், அந்தியூர் ஆடிச் சந்தைக்கு லாரியில் நின்றபடி காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வரும்போதும் அதுவே வினை.

இலை, பாய், டியூப்

அந்த அட்டைத் தடிமனுக்குள் அடுக்குகள் உண்டு. மூன்றை நினைவில் வைத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலே சில செல் அடுக்குகளால் ஆன மெல்லிய தோல். இதன் பெயர் எபிதீலியம். இதைத் தாமரை இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இதில் ஊறாது. கிருமிகளும் இதைத் தாண்டி எளிதில் உள்ளே போக முடியாது.

அதற்கடியில் ஸ்ட்ரோமா. கார்னியாவின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். கொலாஜன் என்ற புரத இழைகளைக் கோரைப்பாய் போல ஒழுங்காக அடுக்கி, பாய்மேல் பாயாகப் போட்டதுபோன்ற அமைப்பு. இழைகள் ஒரே சீராக இருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. பாய்க்குள் தண்ணீர் புகுந்தால் அந்த ஒழுங்கு குலைந்து கண்ணாடி மங்கும். நீலம் கலந்த வெண்மை படரும். ஊரில் "பூ விழுந்தது" என்று சொல்வதில் ஒரு பகுதி இந்த நீர்க்கோவைதான்.

அடியில் டெசிமெட் சவ்வு. தலைமுடியைவிட மெல்லியது, ஆனால் கெட்டி. சைக்கிள் டயர் கிழிந்தால் உள்ளேயிருக்கும் டியூப் பிதுங்கிக்கொண்டு தெரியுமல்லவா? பாய் முழுவதும் அரித்துப்போனால் இந்தச் சவ்வு அப்படித்தான் பிதுங்கும். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தை அந்த இடத்தில் அது ஒன்றுதான் தாங்கிக்கொண்டிருக்கும். அதன் உள்புறம் ஒட்டியிருக்கும் ஒற்றை வரிசைச் செல்கள், பாய்க்குள் கசியும் தண்ணீரை மோட்டார் போட்டதுபோல ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன.

புண் என்பது கிருமி அல்ல

இங்கேதான் முதல் குழப்பம். கார்னியாப் புண் என்றதும் "இன்ஃபெக்‌ஷன்" என்கிறோம். புண் என்றால் மேலேயுள்ள தாமரை இலை கிழிந்து, அடியிலுள்ள பாய் வெளியே தெரிகிறது என்று மட்டுமே பொருள். கிருமி அதற்குப் பிறகு வருவது. சில நேரம் வராமலும் போகலாம்.

இலை கிழியப் பெரிய விபத்து வேண்டியதில்லை. வைக்கோல் தாள் குத்துவது, முள்மரக் கிளை, பக்கத்துக் குதிரையின் வால்வீச்சு, அரிப்பெடுத்துத் தூணில் கண்ணைத் தேய்ப்பது, இமைக்கடியில் புல்லின் முள்விதை சிக்கிக்கொள்வது, எதுவாகவும் இருக்கலாம். கிழிசல் சிறியதாக இருந்து கிருமி குடியேறாமல் இருந்தால், ஓரத்திலுள்ள செல்கள் நகர்ந்து வந்து ஓட்டையை மூடிவிடும். ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் வேலை முடிந்துவிடும். மருந்தின் பங்கு அதில் கொஞ்சம்தான். அதுவரை கிருமி நுழையாமல் காவல் காப்பது.

ஆனால் லாயம் என்பது வைக்கோல், தூசு, சாணம், ஈ எல்லாம் சேர்ந்த இடம். ஆரோக்கியமான குதிரையின் கண்ணிலேயே பாக்டீரியாவும் பூஞ்சை வித்துகளும் எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. இலை முழுசாக இருக்கும்வரை அவை வாசலில் நிற்கும் விருந்தாளிகள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கார்னியா ஏடிஎம் அட்டை அளவே தடிமனான கண்ணாடி; அதன் மேல்தோல் கிழிவதே புண்; கிருமி இரண்டாவதாக வருவது.

இமைமயிர் எந்தப் பக்கம் பார்க்கிறது?

குதிரையின் முன்னால் நேராக நின்று இரண்டு கண்களின் இமைமயிர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல கண்ணில் அவை முன்னோக்கி நீட்டியிருக்கும். வலிக்கும் கண்ணில் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அனுபவமுள்ள குதிரைக்காரர்கள் இதைச் சொல்லாமலே கவனிப்பார்கள்.

இமையை வலுவில் திறக்க முயலாதீர்கள். குதிரையின் இமைத் தசை மிக வலுவானது. விரலால் போராடும்போது, ஏற்கெனவே அரித்து மெலிந்த கண் அந்த அழுத்தத்திலேயே உடைந்துவிடக்கூடும். மருத்துவர் இமையை அசைக்கும் நரம்பின் பாதையில் சிறு ஊசி போட்டு, தசையைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டுத்தான் திறப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலி உணரும் நரம்பு முனைகள் கார்னியாவின் மேல்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் மேலோட்டமான சிராய்ப்பு உயிர்போகிற வலியைத் தரும். ஆழமாக அரித்த புண் அவ்வளவு வலிக்காமலும் போகலாம். "நேத்தைக்கு இன்னிக்கு கண்ணைத் திறக்குது, தேவலாம்" என்று மருந்தை நிறுத்துபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பச்சை சொல்லும் செய்தி

புண் இருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்று வெறுங்கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஃப்ளூரசீன் என்ற சாயம். அடால்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1871இல் உருவாக்கியது. மனிதக் கண் மருத்துவமனைகளிலும் இதே சாயம்தான். காகிதப் பட்டையின் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும். ஈரம் பட்டுக் கண்ணீரில் பரவியதும் பச்சையாகிவிடும். மேலே நீல விளக்கைப் பிடித்தால் பளீரென்று ஒளிரும்.

இது தண்ணீரோடு சேரும் சாயம். தாமரை இலையில் தண்ணீர் உருண்டோடிவிடுவதுபோல முழுசான எபிதீலியத்தில் ஒட்டாமல் ஓடிவிடும். இலை கிழிந்து பாய் தெரியும் இடத்தில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பச்சை இருந்தால் புண் இருக்கிறது.

பச்சை வளையமாக நின்று, நடுவில் மட்டும் தெளிவாக இருந்தால்? அனுபவமில்லாதவர் "நடுவில் ஆறிவிட்டது" என்று மகிழ்வார். உண்மை நேர் எதிர். டெசிமெட் சவ்விலும் இந்தச் சாயம் ஊறாது. நடுவில் பாயே இல்லாமல் அரித்துப்போய், டயர் கிழிசலில் டியூப் தெரிகிறது என்பதே அதன் பொருள். அந்தக் குதிரைக்கு நாளைவரை காத்திருக்க நேரமில்லை.

பாட்டிலில் உள்ள ஆபத்து

இப்போது மூன்றாமவரின் பாட்டிலுக்கு வருவோம். கண் சிவப்புக்கென்று விற்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு என்பது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் மருந்து. பெயரைப் படித்தால் அடையாளம் தெரியும்: டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன். வாலில் "சோன்", "லோன்" என்று வந்தால் கையை நிறுத்துங்கள்.

ஸ்டீராய்டு சிவப்பை எப்படிக் குறைக்கிறது? உடலின் காவல்படையை வீட்டுக்கு அனுப்பி. இலை கிழிந்திருக்கும் நேரத்தில் காவலும் போய்விட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மூடவேண்டிய செல்கள் நகர்வதும் மந்தமாகிவிடும். பாயை அரிக்கும் நொதிகளுக்கும் கைகொடுத்ததுபோல் ஆகிவிடும். இத்தனையும் நடக்கும்போது கண் வெளியே பார்க்க நன்றாகத் தேறுவதுபோலத் தெரியும். சிவப்பு குறைந்திருக்குமே!

அப்படியென்றால் குதிரைக் கண்ணுக்கு ஸ்டீராய்டே கூடாதா? கூடும். கண்ணின் உட்புறம் திரும்பத் திரும்ப அழன்று வீங்கும் ஒரு நோய் குதிரைகளுக்கு உண்டு. நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு வருகிறது என்று ஐரோப்பாவில் ஒருகாலத்தில் நம்பினார்கள். அதனால் நிலாக் குருடு என்று பெயர். அந்த நோய்க்கு ஸ்டீராய்டுதான் முதன்மை மருந்து. அங்கும் கண் சுருங்கும், நீர் வடியும், சிவக்கும், மங்கும். லாய வாசலில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றைக் காப்பாற்றும் மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லும் முதல் சாட்சி அந்தச் சாயம்தான். அதைப் போடாமல் சொட்டு மருந்தைக் கையில் எடுப்பதை நான் சூதாட்டம் என்றுதான் சொல்வேன்.

வீட்டு வைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. கால்நடைகளின் கண்ணில் பூ விழுந்தால் உப்பை மென்று ஊதித் துப்பும் வழக்கம் கிராமங்களில் உண்டு. கிழிந்த இலையின்மேல் உப்புக்கல்லும் மனித வாயின் கிருமிகளும் சேர்ந்து விழுவதை யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது: பச்சை தெரிந்தால் புண், புண் இருந்தால் ஸ்டீராய்டு சொட்டு கூடாது.

கண் உருகுதல்

மருத்துவர்கள் பயப்படும் நிலை ஒன்று உண்டு. புண்ணின் ஓரம் சாம்பலும் மஞ்சளும் கலந்து, நுங்குபோலக் கொழகொழத்துத் தொங்க ஆரம்பிக்கும். இதை உருகும் புண் என்கிறார்கள். பாய் இழைகளை வெட்டும் நொதிகள் அளவுமீறிச் சுரந்துவிட்டன என்று பொருள். நொதி என்பது உடலில் வேதிவேலை செய்யும் புரதம்; இங்கே அதைக் கத்திரிக்கோல் என்று நினைத்துக்கொள்ளலாம்.

கத்திரிக்கோல் யாருடையது? சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா கொண்டுவருவது கொஞ்சம். வேதனை என்னவென்றால், கிருமியை எதிர்க்க ஓடிவந்த குதிரையின் சொந்த வெள்ளையணுக்கள் கொண்டுவருவது அதைவிட அதிகமாக இருக்கலாம். தீயணைக்க வந்தவர்கள் கதவு, சன்னல் எல்லாவற்றையும் உடைத்துப்போட்ட கதை. ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே கொட்டிக் கிடக்கும் கத்திரிக்கோல்களை அது பொறுக்காது. மருந்து சரியாகப் போட்டும் ஒரே நாளில் கண் உடைந்துபோவது இதனால்தான்.

இதற்கு ஒரு மருந்து குதிரையின் உடம்பிலேயே இருக்கிறது. கழுத்து இரத்தக் குழாயிலிருந்து சுத்தமாக இரத்தம் எடுத்து உறையவிட்டால், மேலே வெளிர்மஞ்சள் நிறத்தில் தெளிந்து நிற்கும் நீர் சீரம். கத்திரிக்கோலைக் கவ்விப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் புரதங்கள் அதில் உண்டு. அதையே அந்தக் குதிரையின் கண்ணில் மணிக்கொருதரம், இரண்டு மணிக்கொருதரம் விடுகிறார்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். சீரம் கிருமிகளுக்கும் நல்ல சாப்பாடு. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத இந்தச் சொட்டு, செலவில்லாமல் எத்தனையோ கண்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பூஞ்சை ஏன் தனிப் பேச்சு?

வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் குதிரையின் கண் புண்ணில் பூஞ்சையைச் சந்தேகிக்காமல் விட முடியாது. ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம் என்பவை அடிக்கடி அகப்படுபவை. வைக்கோலிலும் மண்ணிலும் வாழ்பவை. பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக் இவற்றைத் தொடாது. இவை ஆழத்தை நோக்கி, டெசிமெட் சவ்வைத் தேடிப்போகும் குணமுடையவை. மேலே தோல் மூடிக்கொண்டு, அடியில் அரிப்பு தொடர்வதும் உண்டு.

தமிழ்நாட்டுக் கண் மருத்துவர்களுக்கு இது பழகிய எதிரி. வயலில் நெல் தாளோ சோகையோ கண்ணில் பட்டுப் பூஞ்சைப் புண்ணோடு வரும் உழவர்களை அவர்கள் நெடுங்காலமாகப் பார்க்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து, வோரிகொனசோல் என்ற புதிய மருந்தைவிட மனிதர்களின் பூஞ்சைப் புண்ணில், முக்கியமாக ஃபியூசேரியத்தில், நன்றாக வேலைசெய்தது. குதிரை வைத்தியத்திலும் இந்த இரண்டு மருந்துகளும் புழங்குகின்றன. எதைத் தேர்வது என்பது உள்ளே எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்காகக் கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மரத்துப்போக வைக்கும் அந்தச் சொட்டு பரிசோதனைக்கு மட்டுமே. வலி குறையட்டும் என்று லாயத்தில் தொடர்ந்து விட்டால் மேல்தோல் வளர்வதையே அது கெடுத்துவிடும்.

மருந்தைக் கண்ணுக்குள் சேர்ப்பது எப்படி?

காகிதத்தில் வைத்தியம் சுலபம். கண்ணில் விட்ட சொட்டைக் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிவிடும். அதனால் மோசமான புண்ணுக்கு ஒன்றிரண்டு மணிக்கொருதரம் மருந்து, இரவிலும். நான்கு மருந்து என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நிமிட இடைவெளி. 450 கிலோ எடையுள்ள, வலியில் நிற்கும் விலங்கு இரண்டாம் நாளே உங்கள் காலடிச் சத்தம் கேட்டால் தலையை உயர்த்திவிடும்.

இதற்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மெல்லிய குழாய் ஒன்றை மேலிமை வழியாகச் செலுத்தி, அதன் முனை இமைக்கடியில் திறக்கும்படி பொருத்தி, மறுமுனையை நெற்றி வழியே கொண்டுபோய்ப் பிடரிமயிரில் பின்னிவிடுவார்கள். கழுத்தோரம் நின்றபடி ஊசிக்குழலால் சிறிது மருந்தைச் செலுத்தி, பின்னாலேயே மெதுவாகக் காற்றைத் தள்ளினால் மருந்து கண்ணில் போய்ச் சேரும். குதிரை புல் தின்றுகொண்டே இருக்கலாம். அவசரப்பட்டுக் காற்றை வேகமாகத் தள்ளினால் மட்டும் அது திடுக்கிடும்.

அட்ரோபின் என்ற சொட்டு இந்த வைத்தியத்தில் அடிக்கடி சேரும். புண்ணின் வலி நரம்பு வழியாகக் கண்ணின் உட்பகுதியையும் இழுத்துவிட, கண் பாப்பா இறுகிச் சுருங்கி வலியைக் கூட்டும். உள்ளே லென்ஸோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். அட்ரோபின் அதை விரித்துத் தளர்த்துகிறது. விரிந்த கண்ணுக்கு வெயில் கூசும், ஆகவே நிழலான இடமும் முகவலையும் வேண்டும். இன்னொரு விளைவு, இது குடலின் அசைவையும் மந்தமாக்கும். குதிரைக்குக் குடல்வலி என்றால் உயிர்ச்சங்கதி. அதனால் கண்ணுக்கு மருந்து போடும் நாட்களில் இலத்தி விழுவதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். கூடவே வலிக்கும் வீக்கத்துக்கும் ஃப்ளூனிக்ஸின் போன்ற மருந்தை ஊசியாகவோ வாய்வழியாகவோ மருத்துவர் தருவார். அது ஸ்டீராய்டு அல்ல.

மருத்துவர் வரும்வரை செய்யக்கூடியது கொஞ்சம்தான். வெளிச்சம் குறைந்த இடத்தில் கட்டுங்கள். கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். கண்ணில் எதையும் விடாதீர்கள். ஏற்கெனவே விட்டிருந்தால் அந்தப் பாட்டிலை எடுத்துவைத்து, மறைக்காமல் காட்டுங்கள்.

மருந்து தோற்கும்போது

எளிய புண் இரண்டு மூன்று நாளில் சிறுத்திருக்க வேண்டும். சிறுக்கவில்லை என்றால் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது பதிலல்ல. இமைக்கடியில் விதை ஏதும் இருக்கிறதா, பூஞ்சையா, ஓரத்தில் ஒட்டாத தோல் தொங்கி மூடவிடாமல் தடுக்கிறதா என்று மறுபடி தேட வேண்டும். பாய் பாதிக்குமேல் அரித்திருந்தால், கண்ணின் வெண்பகுதியை மூடிய சவ்விலிருந்து ஒரு துண்டைத் திருப்பிக் கொண்டுவந்து ஓட்டையின்மேல் தைக்கும் அறுவை உண்டு. அந்தத் துண்டு தன் இரத்தக் குழாயையும் கூடவே கொண்டுவருகிறது. கார்னியாவுக்குச் சொந்த இரத்தக் குழாய் கிடையாது என்பதால், ஒட்டுப்போட்ட துணி சாப்பாடும் சேர்த்து எடுத்துவந்ததுபோல.

அறுவை இல்லாமலே சில புண்களில் வெள்ளையின் ஓரத்திலிருந்து சிவந்த இழைகள் வேர்போலப் புண்ணை நோக்கி வளரும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் உடல் தானே அனுப்பிய சரக்கு வண்டி அது.

ஆறிய பின் மறுபடி சாயம் போட்டுப் பார்ப்பார்கள். பச்சை ஒட்டவில்லை என்றால் இலை மூடிவிட்டது. அதே இடத்தில் வெள்ளையாய் ஒரு தழும்பு நிற்கலாம், காலம் போகப்போகக் கொஞ்சம் மங்கலாம். அந்தப் "பூ" நோயல்ல. அதைக் கரைக்கிறேன் என்று யாராவது பாட்டிலோடு வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

கண்ணைக் காப்பாற்ற முடியாமல் எடுக்க நேர்ந்த குதிரைகளும் உண்டு. ஓயாத வலியிலிருந்து விடுபட்டதும் அவை நன்றாகச் சாப்பிடத் தொடங்கும். ஒற்றைக் கண்ணோடு சவாரிக்கும் வேலைக்கும் திரும்பிய குதிரைகள் ஏராளம். பார்வையில்லாத பக்கத்திலிருந்து அருகில் போகும்போது மட்டும், கை வைப்பதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.